உளோம், போகீர்

தேவாரம் பாடிய, சிவனுக்கே தோழர் எனப்படும் சுந்தரர் கண்ணிழந்து நடந்த வழியில் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் ஆசைதான். அம்மாவுக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் பிரஷர். கிளாக்கோமா என்று தெரிந்தபோதே பார்வை நிறையப் போய்விட்டிருந்தது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பூஜையறையில் தினமும் வழக்கு. விளக்கேற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "உனக்கு என்ன கொறை வெச்சேன்? எத்தினி கிருத்திகை, எத்தினி பிரதோஷம்! உனக்கே கண்ணு இல்லையே, எனக்கு எங்கேருந்து குடுப்ப?"

சாமியை இப்படிப் பேசினால் பாவம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சுந்தரர் பாடல்களான ஏழாம் திருமுறையைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பயணம்.

திருவொற்றியூரில் தொடங்கினோம். தியாகராஜர், வடிவுடையம்மன் தரிசனம் முடிந்து மகிழ மரத்தடிக்கு வந்ததும் அம்மாவுக்குக் கதை சொன்னேன். சங்கிலியாரை மணக்கும்போது, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது சுந்தரருக்கு. சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்று இறைவனிடமே முன்கூட்டிப் பேசி வைத்தார். இறைவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்றுவிட்டார். பிறகு திருவாரூர் வசந்தவிழா ஞாபகம் வந்து சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்ட, கண் போனது. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

அம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சிநேகிதன்னு சொல்லிட்டு மாட்டி விட்டுட்டாரே!" என்றாள். அவள் அனுதாபம் முழுக்கச் சுந்தரர் பக்கம். எனக்குச் சங்கிலியார் பக்கம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

திருவள்ளூர் போய் அங்கிருந்து பூண்டி. பாடல் பெற்ற திருவெண்பாக்கம் இப்போது நீருக்கடியில் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது கோயில் முழுகும் பகுதியில் வந்துவிட்டது. மூர்த்திகளை எடுத்துவந்து பின்னர் பூண்டியில் புதிதாகக் கோயில் கட்டினார்கள். ஏரிக்கு இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். நாங்கள் குடிக்கும் தண்ணீருக்காகச் சாமியே வீடு மாறியிருக்கிறார் என்று சொன்னேன். அம்மா கொஞ்சம் இளகினாள் போலிருந்தது.

சுந்தரர் இங்கே வந்து கேட்டதும், அவருக்குக் கிடைத்ததும் விசித்திரமானவை. பதிகத்தின் முதல் பாட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்
பழியதனைப் பாராதே படலம்என்கண் மறைப்பித்தாய்"

தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்வீர் என்ற தைரியத்தில்தானே செய்தேன், இப்படிச் செய்துவிட்டீரே என்கிறார். நம்பியதால்தான் தப்பே செய்தேன் என்று வாதாட எவ்வளவு உரிமை வேண்டும்! அப்புறம், கோயிலில் இருக்கிறீரா என்று வாசலில் நின்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். கண் வரவில்லை. ஒரு ஊன்றுகோல் வந்தது. சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். கண் கேட்டவனுக்குக் கோலா என்ற கோபத்தில் சுந்தரர் அதை வீசினார், நந்தியின் கொம்பு உடைந்தது என்கிறது தலவரலாறு. கொம்பு ஒடிந்த நந்தியை அம்மாவுக்குக் கிட்டத்தில் கூட்டிப்போய்க் காட்டினேன். தடவிப் பார்த்தாள்.

"எறிஞ்சது நியாயந்தான்" என்றாள். பிறகு, "அவருக்காவது உள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு. நான் தெனம் கத்துறேன், எனக்கு ஒரு 'ம்' கூட இல்ல."

குருக்கள் சிரித்துக்கொண்டே தீபத்தட்டை நீட்டினார். "இவ்வளவு தூரம் வந்து கேக்கறேளே அம்மா, இருக்கார்னு நம்பித்தானே கேக்கறேள்? பாத்து எறங்குங்கோ, படி இருக்கு."

அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு மடக்குக் கைத்தடி வாங்கிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். கிழவி ஆக்கிடாதே என்று அதைத் தொட மறுத்துக்கொண்டிருந்தவள், படியில் என் தோளையே பிடித்து இறங்கினாள்.

காஞ்சிபுரத்தில் கூட்டம். ஏகம்பத்தில், அதாவது ஏகாம்பரநாதர் கோயிலில், சுந்தரருக்கு இடக்கண் கிடைத்தது. "காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்று பாட்டுக்குப் பாட்டு பூரிக்கிறார். எங்களுக்கு நெரிசலில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அம்மா முந்தைய வேளை மருந்தை வேண்டுமென்றே போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள் என்பது அங்கேதான் தெரிந்தது. "போற கண்ணு போகட்டும், எதுக்கு அதுக்குக் காவல்?" அதற்குமேல் பேச்சில்லை. இரவு ரயிலில் திருவாரூர் போகும்வரை இருவரும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம்.

திருவாரூரில் ஒரு நாள் போதாது. கமலாலயம் குளத்தைச் சுற்றி வருவதற்கே பொழுது போய்விடும். தேவாசிரிய மண்டபத்தில் உட்கார்ந்து, சுந்தரர் ஆரூரில் பாடிய பதிகத்தை எடுத்தேன். அதைப் பதிகம் என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

"விற்றுக் கொள்வீர் ஒற்றியல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்"

கொத்தை என்றால் குருடு. வெண்பாக்கத்தில் பிழைத்தேன் என்றவர், இங்கே குற்றம் ஒன்றுமே செய்ததில்லை என்கிறார்! அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொன்றை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கண்ணும் இல்லாதபோது அவர் பாட்டில் இவ்வளவு சூடு இல்லை. ஒரு கண் வந்த பிறகுதான் "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று ஏசுகிறார். நீரே நன்றாக இரும், போம் என்ற ஏச்சு. பாதி கிடைத்தவனுக்குத்தான் மீதியைக் கேட்கத் தெம்பு வருகிறது. எங்கள் வீட்டிலும் பார்வை சற்றுத் தெளிவாக இருக்கும் நாட்களில்தான் பூஜையறையில் சத்தம் அதிகம்.

அதே பதிகத்தின் முதல் வரி, "மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே." வேறு யாரிடமும் போய் நிற்காதவன் சொல்கிற புகார் அது. அம்மாவும் வந்தவர் போனவரிடம் கண்ணைப் பற்றிப் புலம்பியதில்லை. நலம் விசாரித்தவர்களிடமெல்லாம் "ஏதோ இருக்கேன்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். வழக்கெல்லாம் ஒரே இடத்தில்தான்.

பாட்டு முடிந்து வலக்கண்ணும் வந்தது. அதற்குப் பிறகு, சங்கிலியாரை மணந்ததால் கோபத்தில் இருந்த முதல் மனைவி பரவையாரைச் சமாதானம் செய்ய இறைவனே நள்ளிரவில் தூது நடந்தார், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அம்மா இதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "கண்ணை எடுத்தவனே கால் நோக நடந்திருக்கானா? அப்போ ரெண்டும் ஒரே ஆளுதான்."

மாலையில் சாயரட்சை. அந்த நேரத்துக்குத் தேவர்களெல்லாம் ஆரூர் வந்துவிடுவதாக ஐதீகம். உள்ளே போக எழுந்தபோது அம்மா கையை நீட்டினாள். தோளைத் தேடுகிறாள் என்று அருகில் போனேன். "நீ இல்லடி, அந்தக் கோலு" என்றாள். பிராகாரக் கல்தளத்தில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள். தியாகராஜருக்கு முகதரிசனம்தான். அதுவும் அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்றேன் வெளியே வந்து.

"வேண்டலையே. திட்டிட்டு வந்தேன். மணி என்ன, எட்டாச்சா? மருந்த விடு."

மண்டபத் தூணில் சாய்ந்து தலையை அண்ணாந்துகொண்டாள். இரண்டு கண்ணிலும் விட்டேன். கண்ணை மூடியபடியே அடுத்த ஊர் எது என்றாள். வீட்டுக்குத்தான் என்றேன். நீ என் அடிமை என்று இறைவன் ஓலை காட்டிச் சுந்தரரை வழக்கில் ஜெயித்த ஊர் எது என்று கேட்டாள். திருவெண்ணெய்நல்லூர், விழுப்புரம் பக்கம்.

"சண்டை ஆரம்பிச்ச எடத்தையும் பாத்துட்டே போயிடலாம். டிக்கெட்டை மாத்து."