ஓரத்தில் எழுதிய மூன்று சொற்கள்

சட்டமன்ற உறுப்பினர் பேசி முடித்துவிட்டுக் கிளம்பினார். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் துண்டறிக்கையை நீட்டினார்.

"தம்பி, மசோதா நிறைவேறியது என்று போட்டிருக்கிறதே, எனக்கு எப்போது கிடைக்கும்?"

அவர் திரும்பி வந்து பாட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேனாவை எடுத்து 'நிறைவேறியது' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் எழுதினார்: ஒப்புதல், அரசிதழ், விதிகள்.

"இந்த மூன்றும் முடிய வேண்டும், அம்மா. இப்போது முதலாவதில்தான் நிற்கிறது."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பேரவையில் நிறைவேறினாலும் அரசமைப்பின் 200-வது பிரிவின்படி மசோதா ஆளுநரிடம் போக வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகும், அரசின் அதிகாரப்பூர்வ இதழான அரசிதழில் சட்டம் வெளியாகி, அதைச் செயல்படுத்தும் விதிகள் வகுக்கப்படும் வரை காத்திருப்பு உண்டு. நாடாளுமன்றச் சட்டங்களிலும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு 2016 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ல்.

அந்த இடைவெளியில்தான் எளியவர்கள் அலைகிறார்கள். "இன்னும் உத்தரவு வரவில்லை" என்ற பதிலோடு என் அம்மாவும் நானும் எத்தனை முறை வெயிலில் திரும்பியிருக்கிறோம்! எந்தப் படியில் நிற்கிறது என்று அன்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

பாட்டி அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.