மோல்டிங் மெஷின் பிரஷர் வெசலா?

பாதுகாப்பு ஆடிட் நெருங்கினால் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார். "இன்ஜெக்‌ஷன் மெஷின் பேரலில், பிளாஸ்டிக் உருகுற அந்தக் குழாயில், அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் ஏறுது. காம்ப்ரஸர் ரூம்ல இருக்கிற ஏர் டேங்கில் பத்து பார்கூட இல்லை. அதை மட்டும் பிரஷர் வெசல்னு, அதாவது அழுத்தம் தாங்கும் கலன்னு பதிவு பண்ணி சோதிக்கிறோம், இதை விட்டுடறோமே?" மெயின்டனன்ஸில் இருந்தவரை இதற்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில்தான் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அழுத்தம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து எந்த விதிமுறையும் முடிவு செய்வதில்லை.

ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) கோடில் பிரஷர் வெசலுக்கான எட்டாம் பிரிவு தொடக்கத்திலேயே தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. 15 பிஎஸ்ஐக்கு (சுமார் ஒரு பார்) மேற்படாத அழுத்தம் என்றால் அதற்குள் வராது. உள்விட்டம் 6 அங்குலத்துக்கு மேற்படாவிட்டாலும் வராது. பம்ப், காம்ப்ரஸர், ஹைட்ராலிக் சிலிண்டர் போல இயங்கும் கருவியின் அங்கமாக இருந்து, அந்த இயக்கத்தின் தேவைதான் வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது என்றாலும் வராது. அழுத்தக் கருவிகளுக்கான ஐரோப்பாவின் 2014/68 உத்தரவும் 0.5 பாரில் தொடங்கி, அழுத்தம் முக்கியக் காரணியாக இல்லாத இயந்திரக் கூடுகளை விலக்கிவிடுகிறது.

பேரலுக்குள் ஸ்க்ரூ சுழல்கிறது, முன்னும் பின்னும் போகிறது. பெரும்பாலான மெஷின்களில் உள்விட்டமும் 6 அங்குலத்தைத் தொடாது. மோல்டு விஷயம் இன்னும் தெளிவு. அவ்வளவு கனமான எஃகு எதற்கு? தட்டு வளைந்தால் அளவு கெடும், மயிரிழை திறந்தாலும் பிளாஷ் அடிக்கும், அதாவது இடுக்கில் பிளாஸ்டிக் கசியும். வெடிக்கும் நிலை வருவதற்கு வெகு முன்பே பிளாஸ்டிக் பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும். ஆக, இரண்டும் பிரஷர் வெசல் இல்லை.

அப்படியானால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா? பிளாஸ்டிக் வெளியேறும் முனையான நாசில் உறைந்துபோய், அசிட்டால் மாதிரியான பிளாஸ்டிக் பேரலுக்குள் அதிக நேரம் வெந்தால், சிதைந்து வாயு சேரும். அது பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டும் ஹாப்பர் வழியாகச் சீறிக்கொண்டு வரும்போது கோடு புத்தகத்தின் எந்தப் பிரிவும் கை கொடுக்காது. அதற்கு ஐஎஸ்ஓ 20430 போன்ற மெஷின் பாதுகாப்புத் தரங்கள் இருக்கின்றன. பர்ஜ் கார்டை (நாசில் பக்கத்துப் பாதுகாப்பு மறைப்பு) கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களிடம் அதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

மெஷினைச் சுற்றி வந்தால் பின்பக்கம் ஒன்று நிற்கும்: ஹைட்ராலிக் அக்யூமுலேட்டர், எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் கலன். உள்ளே ரப்பர் பை, அதில் நைட்ரஜன். இது சந்தேகமே இல்லாமல் பிரஷர் வெசல். எண்ணெயை அமுக்கினால் அது அவ்வளவாகச் சுருங்காது, அதனால் தேங்கும் சக்தியும் குறைவு. வாயு அப்படியல்ல. அதே கொள்ளளவில், அதே 200 பாரில், நூறு மடங்குக்கும் மேல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். மெஷினோடு சேர்ந்து வந்துவிடுவதால் இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதுதான் வழக்கம். பம்பை நிறுத்தியதும் அழுத்தம் போய்விட்டது என்று நினைத்து ஸ்பேனரை எடுப்பவர்களும் உண்டு. எண்ணெயை டேங்குக்கு இறக்கி கேஜைப் பார்க்கும்வரை அதை நம்பக் கூடாது. எண்ணெய்ப் பக்கம் பூஜ்யம் காட்டினாலும் பைக்குள் நைட்ரஜன் இருந்துகொண்டேதான் இருக்கும்.

உண்மையிலேயே மண்டையைக் குடைவது தெர்மோகோல் மோல்டிங். மோல்டுக்கு நீராவி கொடுக்கும் ஸ்டீம் செஸ்ட்டுக்குள் கிட்டத்தட்ட ஒரு பார் நீராவி. 15 பிஎஸ்ஐ என்றால் 1.03 பார். ஏஎஸ்எம்இ கணக்கில் மயிரிழையில் வெளியே, ஐரோப்பியக் கணக்கில் 0.5 பார் எல்லையைத் தாண்டி உள்ளே. செஸ்ட்டோ தட்டையான சுவர்கள் கொண்ட பெரிய பெட்டி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு பார் என்றாலே பத்து டன் விசை. ஒவ்வொரு சுற்றிலும் நீராவி, தண்ணீர், வெற்றிடம் என்று மாறி மாறி வாங்கும் அலுமினியச் சுவர் அது. விரிசல் மூலைகளில்தான் முதலில் தெரியும்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு பார் என்பது செட்டிங் மட்டுமே. பின்னால் இருக்கும் லைனில் ஆறேழு பார் வருகிறது. நடுவில் நிற்பது அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெட்யூசிங் வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால்? "நாங்கள் ஒரு பாருக்கு மேல் போவதே இல்லை" என்று மெஷின் சப்ளையர் ஒருவர் கடிதம் கொடுத்தார். போகாமல் தடுப்பது எது என்று திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ரெட்யூசிங் வால்வுக்கு அடுத்து சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். ரெட்யூசிங் வால்வு முழுசாகத் திறந்தால் வரும் நீராவி அத்தனையையும் வெளியேற்றும் அளவில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். அது இல்லாத செஸ்ட்டுக்கு விலக்கு கேட்கவே கூடாது என்பது என் கட்சி.

அதனால் மெஷினுக்கு ஒரு வரி என்ற பழைய பட்டியலைக் கைவிட்டு, பேரல், மோல்டு, அக்யூமுலேட்டர், பிளாட்டன் (மோல்டைத் தாங்கும் தட்டு), செஸ்ட் என்று தனித்தனியாக எழுத ஆரம்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளே இருப்பது எண்ணெயா, வாயுவா, நீராவியா, அழுத்தம் எங்கிருந்து வருகிறது, எது அதை நிறுத்தும் என்று மூன்று கட்டங்கள். உள்ளூர்ச் சட்டம் ஏஎஸ்எம்இ கோடைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும், அதை இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்தோம்.