பால் செரிக்கும் மரபணுவும் பாகப்பிரிவினையும்

அப்பாவுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும், மோர் மட்டும் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது. ஏன் என்று படிக்க ஆரம்பித்துத்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் அது குறைந்துவிடுவதுதான் பாலூட்டிகளின் வழக்கம், உலகில் பெரும்பாலான மனிதர்களுக்கும் அப்படித்தான். ஆனால் வட ஐரோப்பாவில் பலருக்குக் கடைசிவரை குறைவதில்லை. 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரி; அதில் லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னால், பக்கத்து மரபணுவுக்குள், ஒரே ஓர் எழுத்து சி-யிலிருந்து டி-யாக மாறியிருக்கிறது.

சரி, அது தற்செயலாகப் பரவியதா, இயற்கைத் தேர்வால், அதாவது அது இருந்தவர்கள் அதிகம் பிழைத்துப் பெருகியதால் பரவியதா? பாகப்பிரிவினையை நினைத்துப் பாருங்கள், தாத்தாவின் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே போகும். டிஎன்ஏவிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் இடம் மாறிக் கலப்பதால், ஒரு மாற்றத்தோடு ஒட்டி வந்த பகுதி வர வரச் சுருங்கும். தற்செயலாக ஒரு மாற்றம் பாதி ஊருக்குப் பரவ வெகுகாலம் ஆகும், அதற்குள் அந்தப் பகுதி சிறு துண்டாகியிருக்கும். மாற்றம் பரவலாகவும் இருக்கிறது, சுற்றியுள்ள பகுதி பிரியாமல் நீளமாகவும் இருக்கிறது என்றால், பங்கு பிரிக்கக்கூட நேரமில்லாத வேகத்தில் அது பரவியிருக்கிறது! 2004-இல் ஆய்வாளர்கள் ஐரோப்பியர்களிடம் இதைப் பார்த்தபோது அந்தப் பகுதி 10 லட்சம் எழுத்துகளுக்கு மேல் அப்படியே இருந்தது.

மக்கள்தொகை ஒரு காலத்தில் சுருங்கி மறுபடி பெருகியிருந்தாலும் இதுபோன்ற தோற்றம் வரலாம். ஆனால் அதன் சுவடு மரபணுத்தொகை (மொத்த டிஎன்ஏ) முழுவதும் இருக்கும், ஓரிடத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்காது. அதனால் மற்ற இடங்களோடு ஒப்பிடாமல் 'இதோ இயற்கைத் தேர்வு' என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2007-இல் வந்த முடிவு. கென்யா, தான்சானியா மேய்ச்சல் மக்களுக்கும் பால் செரிக்கிறது, ஆனால் மாறியிருப்பது வேறோர் எழுத்து, ஒட்டி வந்த பகுதியோ 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல். மாடு மேய்த்த இரண்டு கூட்டங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்தியாவில் பரவலாக இருப்பது ஐரோப்பியர்களிடம் இருக்கும் அதே எழுத்து மாற்றம்தான். வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு, அப்பாவின் வயிறும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்புறம் நீலகிரிக்குப் போனால், எருமை மேய்க்கும் தோடர்களிடம் அது மறுபடியும் உயர்ந்து நிற்கிறது.