அப்பிச்சி பிறந்தநாளுக்கு ஒரு நாட்டுச் சர்க்கரை கேக்

அப்பிச்சின்னா அம்மாவோட அப்பா. அவரை மாதிரி பெரியவங்களுக்குச் செய்யற கேக்கில் முட்டை வேண்டாம். சனிக்கிழமை, அமாவாசைன்னு ஏதாவது ஒண்ணு குறுக்கே வந்துரும். முட்டை இல்லாமலே தயிரும் சோடா உப்பும் கேக்கை நல்லா உப்ப வெச்சிரும்.

7 அங்குல வட்ட டின்னுக்கு: மைதா 190 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், கெட்டித் தயிர் 240 கிராம், எண்ணெய் 110 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், துளி சுக்குத்தூள். நாட்டுச் சர்க்கரையைக் கப்பில் அளக்காதீங்க. அமுக்கி அளந்தா ஒரு எடை, தளர அளந்தா வேற எடை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற கவுந்தப்பாடி சர்க்கரை கிடைச்சா நெம்ப நல்லது. தயிரில் கரைச்சு வடிகட்டினா தூசியும் கட்டியும் நின்னுரும்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். செக்குக் கடலெண்ணெய் வாசம் கேக்கை அமுக்கிரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃபிரிட்ஜில் வெச்ச கேக் செங்கல்லாட்டம் ஆயிரும். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

சலிச்ச மாவைச் சேர்த்ததும் கிளறறதை நிறுத்துங்க. அதிகம் கிளறினா கேக் ரப்பராட்டம் இழுக்கும். தயிரில் சோடா பட்ட உடனே நுரை கிளம்பும், அதனால ஓவன் முன்னாடியே சூடாகி இருக்கணும். 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். முதல் 25 நிமிஷம் திறந்தா நடு அமுங்கிரும். குக்கரில் செய்யறவங்க கேஸ்கட், வெயிட் ரெண்டையும் எடுத்துட்டு, தண்ணி ஊத்தாம, உள்ளே ஸ்டாண்ட் வெச்சு, சிறு தீயில் 50 நிமிஷம். நாட்டுச் சர்க்கரை சீக்கிரம் நிறம் ஏறும். மேலே கறுத்தாலும் குச்சி குத்திப் பார்த்துத்தான் இறக்கணும்.

இதை முதல் நாளே செஞ்சு ஃபிரிட்ஜில் வைங்க. முட்டையில்லாத கேக் சூட்டோட அறுத்தா உதிரும். மறுநாள் மூணு அடுக்கா அறுத்து, 100 மில்லி தண்ணியில் 40 கிராம் சர்க்கரை கரைச்ச பாகை ஸ்பூனால் தெளிங்க. ஒட்டுக்கா ஊத்தினா அடி அடுக்கு நொசநொசன்னு ஆயிரும்.

சித்திரை வெயிலில் கிரீம்தான் சோதனை. 300 மில்லி விப்பிங் கிரீமை ராத்திரியே ஃப்ரீசரில் இருந்து கீழ்த்தட்டுக்கு மாத்துங்க. பாத்திரமும் பீட்டர் கம்பியும் சில்லுன்னு இருக்கணும். சமையலுக்கு விக்கற 25 சதவீதக் கொழுப்பு கிரீம் எவ்வளவு அடிச்சாலும் நிக்காது. பூசறதுக்கு, பீட்டரைத் தூக்கினா கிரீம் நுனி லேசா வளையற பதம் போதும்; பூ பிழியத்தான் விறைப்பா வேணும். திரிதிரியாப் போச்சுன்னா அடிக்காத குளிர்ந்த கிரீம் ரெண்டு ஸ்பூன் விட்டு மெதுவா மடிச்சுக் கலங்க. முதல் பூச்சு மெல்லிசா, உதிரியை அடக்க மட்டும். அரை மணி ஃபிரிட்ஜ். அப்புறம் ரெண்டாவது.

சத்தியமங்கலம் மல்லி பார்க்க அழகுதான். சந்தைப் பூவில் மருந்து அடிச்சிருக்கும், கிரீமில் குத்தாதீங்க. அரளி கேக் பக்கமே வரக்கூடாது, அது விஷம்.

பேரைத் தமிழில் எழுதுங்க. உருக்கின சாக்லேட்டை பட்டர் பேப்பர் கூம்பில் ஊத்தி, நுனியை ஊசி அளவு வெட்டுங்க. துளை பெருசானா 'அ'வோட சுழி அடைஞ்சிரும். டின்னை வெச்சுப் பேப்பரில் வட்டம் போட்டு முதலில் பேனாவால் எழுதிப் பாருங்க. 7 அங்குலம்னா சுமார் 18 சென்டிமீட்டர்; ஓரப் பூவுக்கு ரெண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் விட்டா நடுவில் 14 மிஞ்சும். 'அப்பிச்சி'க்கு அஞ்சு எழுத்து. 'அ' தான் அதிக இடம் கேக்கும். பல் குத்தும் குச்சியால் கிரீமில் புள்ளி வெச்சுக் குறிச்சு, நடு 'பி'யில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க. மெய்யெழுத்துப் புள்ளிகளைக் கடைசியாகத்தான் வைக்கணும், இல்லாட்டி கை பட்டு இழுபடும்.

ஊருக்குக் காரில் கொண்டு போறதா இருந்தா சீட்டில் வைக்காதீங்க, அது பின்பக்கம் சரிவா இருக்கும். ஏசி போட்டு, காலடியில் சமதளமா வைங்க.