முன்பக்கத்தை உயர்த்துவதா?

ஜூன் 3

பிக்கப்பின் மூக்கு தாழ்ந்திருப்பது நெடுநாளாகக் கண்ணை உறுத்துகிறது. போன வாரம் மண்பாதையில் அடியில் ஏதோ கரகரவென்று உரசியதும், முன்பக்கத்தை 50 மி.மீ. உயர்த்தியே தீர்வது என்று மனம் ஒருவாறு முடிவுகட்டிவிட்டது. செலவு செய்யுமுன் அளந்துவிடலாம்.

சக்கர வளைவுகளை அளப்பதில் பயனில்லை. முன்னும் பின்னும் அவை ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டியதில்லையே. அதனால் டயர்களின் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பைத் தரையிலிருந்து இரண்டு இடங்களில் அளந்தேன். ஒன்றரை மீட்டர் நீளத்தில் 24 மி.மீ. சாய்வு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,100 மி.மீ. இருப்பதால், மொத்தச் சாய்வு ஏறக்குறைய 50.

ஜூன் 4

600 கிலோ சரளைக்கல் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றி முடித்ததும் அதே விளிம்பில் ரசமட்டத்தை ஒட்டிப் பிடித்தேன். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து அசையாமல் நின்றது. சாய்வு என்று நான் குறை சொன்னது, பாரம் வந்து உட்காருவதற்காக விட்டுவைத்த இடம். முன்பக்கத்தை உயர்த்திய பிறகு இதே பாரத்தை ஏற்றினால் வண்டி பின்னால் அமர்ந்து வானத்தைப் பார்க்கும். மாதத்தில் பாதி நாள் நான் பாரத்தோடுதான் ஓட்டுகிறேன்.

ஜூன் 8

மெக்கானிக்கிடம் காட்டினேன். முன்பக்கத்தை உயர்த்த, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் என்ற தட்டு 25 மி.மீ. தடிமன்தான். ஆனால் ஸ்ட்ரட் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மின், அதாவது சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையின், நடுவில் பிடித்திருப்பதால், சக்கரத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும்.

"நிற்கும்போது பார்க்காதே தம்பி, சக்கரம் குழியில் தொங்கும்போது பார்" என்று சொல்லி வண்டியை ஜாக்கியில் தூக்கினார். சக்கரம் கீழே தொங்கியது. மேல் கன்ட்ரோல் ஆர்முக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கும் நடுவே என் சுண்டுவிரல் மட்டும் நுழைந்தது. ஸ்பேசர் வைத்தால் சக்கரம் இன்னும் கீழே தொங்கும்; அந்த இடைவெளியும் போய்விடும். சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறையைப் பார்த்தேன். மேல்பக்க மடிப்புகள் விரிந்திருந்தன, கீழ்ப்பக்க மடிப்புகள் ஒன்றோடொன்று நசுங்கிக் கிடந்தன. ஸ்பேசர் வைத்தால் பள்ளங்களில் தண்டின் இந்தக் கோணம் இன்னும் கூடும். மேல் ஆர்மையும் மாற்றினால் இடிக்காது என்றார். அப்படியென்றால் வேலை ஸ்பேசரோடு முடியாது. வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

ஜூன் 9

இரவில் முன்சக்கரங்களை 50 மி.மீ. பலகைகள்மேல் ஏற்றி, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் முகப்பு விளக்கை அடித்தேன். தரையில் நின்றபோது போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைவிட வெளிச்சத்தின் விளிம்பு 22 செ.மீ. மேலே விழுந்தது. விளக்கு உயர்ந்ததால் 6, சாய்வு மாறியதால் 16. இது திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடியதுதான், அதனால் இதை எதிர்ப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் உயர்த்தியவர்கள் தயவுசெய்து அந்தத் திருகை மறக்க வேண்டாம். எதிரே வருபவரின் கண் கூசி நொடி நேரம் குருடாவது சின்ன விஷயமில்லை.

ஜூன் 14

இத்தனை நாளும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மண்ணெல்லாம் போகக் கழுவிவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்தேன். முன்னாலிருக்கும் காப்புத் தகட்டில் ஒரு கீறலும் இல்லை. பின் அச்சின் நடுவே தொங்கும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில்தான் விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய், இரும்பு பளபளத்தது.

உரசியது அதுதான். அந்த உருண்டை அச்சோடு ஒரே துண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது தரையிலிருந்து ஏறாது, டயர் பெரிதானால்தான் ஏறும். முன்னால் ஸ்பேசர் மாட்டியிருந்தால் அடுத்த முறையும் அதே இடம்தான் உரசியிருக்கும்.

என் டயர் 265/65 ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்), விட்டம் 776 மி.மீ. அதே அகலத்தில் 265/70 போட்டால் 803. அச்சு 13 மி.மீ. உயரும், பின்னாலும் முன்னாலும். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103க்குச் சற்று மேல் இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் சக்கர வளைவின் உள்தட்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பேசர் வேண்டாமென்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். இப்போதைய டயரில் இன்னும் 4 மி.மீ. பள்ளம் இருக்கிறது. அது தேய்ந்த பிறகு பெரியதை மாட்டுகிறேன்.