ராஜாவின் கல்லறை காலி, ஹன்னாவின் கல் அப்படியே

லண்டன் பாடிங்டனில் ரயிலேறி, சிப்பனத்தில் இறங்கி, பஸ் பிடித்து மாம்ஸ்பரி போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. குடை எடுத்துப் போகவில்லை. ஊர் நடுவே எட்டுப் பக்கமும் வளைவு வளைவாகத் திறந்த கல்மண்டபம் ஒன்று தெரிந்தது. ஓடிப்போய் உள்ளே நின்றுகொண்டேன். ஏற்கெனவே இரண்டு பாட்டிமார்களும் ஒரு நாயும் ஒதுங்கியிருந்தார்கள்.

அதுதான் மார்க்கெட் கிராஸ், 1490 வாக்கில் எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த, ஊர் ஊராகப் போய்க் குறிப்பெழுதிய ஜான் லேலண்ட், சந்தைக்கு வரும் ஏழை ஜனங்கள் மழையில் நனையாமல் நிற்க நிறையச் செலவு செய்து கட்டிய அழகான வேலைப்பாடு என்று எழுதிவைத்தார். அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்கச் செதுக்கிய கல் வளைவுகள். காய்கறி விற்க வந்தவர்கள் தலைக்குமேல் இவ்வளவு அக்கறையா! மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எதிரே நாலு எட்டில் அபே. பழைய மடாலயத் தேவாலயத்தில் ஒரு பகுதிதான் இன்று மிச்சம். சால்ஸ்பரி ஊர்ப் பெரிய தேவாலயத்தின் கோபுரத்தைவிட உயரம் என்று பேர்பெற்ற அதன் ஊசிக்கோபுரம் 1500 வாக்கில் இடிந்து விழுந்துவிட்டது. 1539இல் ராஜா எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தபோது, வில்லியம் ஸ்டம்ப் என்ற துணி வியாபாரி இடத்தை வாங்கி, மடத்துக் கட்டடங்களில் தறி போட்டார். நடுக்கூடத்தை மட்டும் ஊராருக்கே கோயிலாகக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு காரியத்தால்தான் நமக்குப் பார்க்க ஏதோ மிஞ்சியிருக்கிறது.

தெற்கு வாசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 12ஆம் நூற்றாண்டு வேலை. வளைவுக்குள் வளைவாகப் பைபிள் காட்சிகள். உள்ளே இரண்டு சுவரிலும் ஆறு ஆறு பேராக அப்போஸ்தலர்கள், அவர்கள் தலைக்குமேல் கிடையாகப் பறக்கும் தேவதூதர். மழையும் காற்றும் வெளிவளைவுகளை அரித்துவிட்டன. நிழலில் இருக்கும் உள்சிற்பங்களில் துணி மடிப்புகூட இன்னும் தெரிகிறது.

பறப்பது என்றதும் எய்ல்மரைச் சொல்ல வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மடத்துத் துறவி ஒருவர் இறக்கை கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தார். சுமார் 200 மீட்டர் மிதந்துபோய் விழுந்து இரண்டு காலும் முறிந்தன. வால் வைக்காததுதான் தப்பு என்று பின்னாளில் அவரே சொன்னதாக, இதே மடத்து வரலாற்றாசிரியர் வில்லியம் பதிந்திருக்கிறார். உள்ளே ஒரு கண்ணாடி ஜன்னலில் எய்ல்மர் நிற்கிறார்.

உள்ளே ராஜா ஏதல்ஸ்டனின் கல்லறையும் உண்டு. இங்கிலாந்து முழுவதையும் முதலில் ஆண்டவர், 939இல் இறந்தார். முடிசூடிய கற்சிலை படுத்திருக்கிறது. ஆனால் உள்ளே எலும்புகள் இல்லை. அந்தக் கல்லறையே அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்துச் செய்தது.

அப்புறம் வெளியே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். நான் இந்த ஊருக்கு வந்ததே அங்கிருக்கும் ஒரு கல்லுக்காக. ஹன்னா ட்வினாய், 1703 அக்டோபர் 23, வயது 33. ஒயிட் லயன் விடுதியில் வேலைக்காரி. ஊருக்கு வந்த மிருகக்காட்சிக் கூட்டத்தின் புலி அவிழ்த்துக்கொண்டு அவளைக் கொன்றது. அவள் புலியைச் சீண்டிக்கொண்டே இருந்தாள் என்று கதை சொல்கிறார்கள். கல்லில் அப்படி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. பூக்கிற வயதில் பறிபோனாள், தற்காத்துக்கொள்ள வழியில்லை, கொடும்புலி உயிரை எடுத்தது, உயிர்த்தெழும் நாள்வரை மண் படுக்கையில் கிடக்கிறாள் என்று சின்னப் பாட்டாக வெட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் புலிகுத்திக் கல் நினைவுக்கு வந்தது. அங்கே புலியோடு போராடிய வீரனுக்குக் கல். இங்கே ஓடக்கூட வழியில்லாத ஒரு விடுதிப் பெண்ணுக்கு. அந்தக் காலத்தில் ஒரு வேலைக்காரிக்குப் பெயர் பொறித்த கல் கிடைப்பதே அபூர்வம்.

போகிறவர்கள் ராஜாவைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் ஹன்னாவின் கல் எங்கே என்று கேளுங்கள். புல்லுக்கு நடுவே நிற்கும் சாதாரணக் கல், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.