நாளைக்கு என்ன என்று சொன்னவர்கள்

சங்கரன்கோவிலிலிருந்து பொதிகை விரைவு ரயிலில் அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது என் கையில் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்கள் இருந்தன. எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் உதிரம் பட்டதற்கு, ஊர்ப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் எட்டு மாதம் வெறும் மாத்திரை கொடுத்தே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பரிசோதித்துப் பார்க்கக்கூட இல்லை. அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வெளியூர் நோயாளிகள் தங்குவதற்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஐந்தே பேர். சமூகப் பணியாளரான அக்கா, வரவேற்பும் கணக்கும் பார்க்கும் தம்பி, சமையற்கார அம்மா, வேன் ஓட்டும் அண்ணன், வாரத்தில் மூன்று நாள் வரும் தன்னார்வலர் ஒருவர். பெயர் எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

முதல் நாள் அந்த அக்கா என் பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். “தைரியமாக இருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகிதங்களை நான்கு அடுக்காகப் பிரித்தார். பிறகு குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்றில் அம்மாவின் பெயர் ‘லட்சுமி’ என்று முடிந்தது, மற்றொன்றில் ‘லெட்சுமி’. எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே பெயர்தான். காப்பீட்டுக் கணினிக்கு இரண்டும் இரண்டு பெண்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்குச் சான்று வேண்டும், அட்டையைப் பதிய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு மலை. அக்கா அதை மூன்று நாள் வேலையாக வெட்டிக் கொடுத்தார். “இன்று கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் தம்பி போகட்டும். நாளை பெயர் திருத்தம். வியாழக்கிழமை என்னிடம் பேசுங்கள்.” வியாழக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு நகல் எடுக்கச் சொன்னார், மூலத்தை யார் கேட்டாலும் கண்ணெதிரே காட்டிவிட்டுத் திரும்ப வாங்கச் சொன்னார். ரயில் சலுகைக்கான படிவத்தையும் அவர்தான் நினைவூட்டினார். சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி, உடன் வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக் கவுண்டரில் கொடுத்தோம். வரும்போது முழுப் பணம் கட்டி வந்தவர்கள் நாங்கள்.

கதிர்வீச்சு 25 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். வாரம் ஒரு முறை கீமோ. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே தள்ளி நின்று கதிரிலிருந்து தப்பும் என்பதால், போய்ப் படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். கேட்க எளிது. இயந்திரத்துக்கு முன் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் குடித்துவிட்டால், அறுபது வயதுப் பெண் ஒருத்தி நடைபாதையில் கால்களை இறுக்கிக்கொண்டு அழ வேண்டியிருக்கும். முதல் நாள் அம்மா அப்படித்தான் அழுதாள். மறுநாளிலிருந்து வேன் அண்ணன் பொறுப்பெடுத்துக்கொண்டார். முதலில் அவர் உள்ளே போய் வரிசையைப் பார்த்துவிட்டு வருவார். வேனில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “இந்த இரண்டு அம்மாவும் இப்போது குடியுங்கள். நீங்கள் பத்தேகாலுக்கு.” ஓட்டுநர் வேலைக்கான எந்த விளம்பரத்திலும் இது எழுதியிருக்காது.

மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. சத்து என்று நான் வாங்கி வந்த கீரைக்கட்டை, சமையற்கார அம்மா வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். நார்ச்சத்து இப்போது குடலுக்கு ஆகாது என்றார். அம்மாவுக்குக் குழைந்த சோறும் நீர்மோரும் உப்புப் போட்ட கஞ்சியும் மட்டுமே. அந்த அம்மா கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா முப்பது ஆண்டு பீடி சுற்றியவள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையில்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும். அதை இரண்டு நாள் கவனித்தவர், மூன்றாம் நாள் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தார். “அக்கா, உரித்துக் கொடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும்.” ஊரை விட்டு வந்ததிலிருந்து அன்று மாலைதான் அம்மா தானாகப் பேச்செடுத்தாள், வெங்காய விலையைப் பற்றி.

எனக்கு அவர்கள்மேல் ஒரே ஒரு கோபம் இருந்தது. தினமும் மாலை 4 மணிக்கு நான்கு பேரும், வருகிற நாளில் தன்னார்வலரும் சேர்த்து, அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அரை மணி நேரம் யார் தட்டினாலும் திறக்க மாட்டார்கள். கையெழுத்துக்காக நான் வெளியே நின்று பொருமியிருக்கிறேன். ஒரு நாள் காலை எங்களுக்கு எதிர்க் கட்டிலில் இருந்த பெண் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதி எழுதிய சமூகப் பணியாளர் அக்கா, எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்: “அம்மாவுக்கு நாளை இரத்தப் பரிசோதனை, சீட்டு வாங்கிவிட்டீர்களா?” அன்று 4 மணிக்குக் கதவு சாத்தியது. உள்ளே ஒருவர் விசும்புவது கேட்டது. அதன் பிறகு நான் அந்த நேரத்தில் தட்டவில்லை. மற்றவர்கள் தட்டப் போனாலும் தடுத்தேன்.

தன்னார்வலரைப் பற்றி எழுதத்தான் இதையெல்லாம் தொடங்கினேன். அவருக்கும் இதே நோய் வந்திருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். முத்துலட்சுமி ரெட்டி தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் கனவு கண்டு, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது என்பதை அவர் சொந்த வீட்டுக் கதையைப் போலச் சொல்வார். அங்கே பல்லாண்டு பணியாற்றி 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணியும்.

வெளிக்கதிர் முடிந்ததும் உள்கதிர்வீச்சு. கருவியை உள்ளே பொருத்தி, அதன் வழியாகக் கதிர் கொடுப்பார்கள். மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். அம்மா தலையாட்டினாள். இரவு முழுவதும் தூங்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். அடுத்த நாள் தன்னார்வலர் வந்ததும் என்னைப் பார்த்து, “நீங்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் அம்மா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் மகள், என்னிடம் சொல்லாததா? மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. மகளிடம் கேட்க முடியாத கேள்விகள் அம்மாவிடம் இருந்தன. எங்கே எது போகும், எவ்வளவு வலிக்கும், யார் யார் அறையில் நிற்பார்கள், இனிமேல் அப்பாவோடு எப்படி. மருத்துவரிடமும் கேட்க நா எழாத கேள்விகள். அதே மேசையில் படுத்து எழுந்து வந்த ஒருத்தியிடம் மட்டுமே கேட்க முடிந்தவை. திரும்பி வந்தபோது இருவரும் தலையோடு தலை முட்டும்படி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மறுநாள் அம்மா என் கையைப் பிடிக்காமல் உள்ளே நடந்து போனாள்.

சிகிச்சை முடிந்து கிளம்பும் நாளில் சமூகப் பணியாளர் அக்கா எங்களுக்கு மறுபரிசோதனைத் தேதிகளை எழுதிக் கொடுத்தார். கூடவே இன்னொரு சீட்டு. அதில் என் பெயர் இருந்தது. “முப்பதைத் தாண்டிவிட்டீர்கள் இல்லையா? ரயில் இரவில்தானே. பரிசோதனை செய்துகொண்டு போங்கள்.” எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்றேன். தொல்லை வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது என்றார். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உள்ளே போவதற்கு முன் என் பையை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்து, சீட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். என் ஆதார் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள்.

“நகல் எடுத்தாயா?” என்று கேட்டாள்.